ஒன்று போதும்

ஒரு வீட்டில் ஒரு பொருள் இரண்டாக இருக்கிறதென்றால், அந்த வீட்டில் நம்பிக்கை ஒன்று குறைவாக இருக்கிறது என்று அர்த்தம். மனித குலம் இதை இன்னும் உணரவில்லை என்பதில் பயிற்சியாளருக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு.

நிறுவனம் நிறுவனமாகப் போய், சோர்ந்து உட்கார்ந்திருக்கும் ஊழியர்களுக்கு 'மாற்றத்தை வரவேற்பது எப்படி' என்று வகுப்பெடுப்பது அவர் தொழில். மேற்படி வாக்கியத்தை அவர் சொல்லும்போது வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். வீட்டில் குறிப்பெடுக்க ஆளில்லை. வீட்டில் இருந்தவை இரண்டு மிக்ஸி, இரண்டு இஸ்திரிப் பெட்டி, இரண்டு சுவர்க்கடிகாரம், இரண்டு டார்ச் லைட். எல்லாவற்றிலும் ஒன்று வேலை செய்யும். மற்றொன்று, அவர் ஒருமுறை கழற்றிச் சரிபார்த்த நிலையில், பரண்மேல் இருக்கும்.

"ஒண்ணு ஸ்பேரா இருக்கட்டும்" என்பாள் மனைவி. கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவள் அதிகமாகச் சொன்ன வாக்கியம் அதுதான். இவளுக்கு ஏன் இந்த வியாதி என்று அவர் பலமுறை யோசித்திருக்கிறார். பிறந்த வீட்டு வளர்ப்பு என்று முடிவுக்கு வந்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜைமேல் மனைவியின் கணினியை ஒருக்களித்துப் படுக்கப் போட்டு, பக்கத் தகட்டின் கடைசி ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே மகளுக்கும் இதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மாவோட டிசைனெல்லாம் பேக்கப் எடுத்தாச்சாப்பா?"

"பேக்கப் எடுக்கறதுன்னா என்ன தெரியுமா? தோல்விக்கு முன்பதிவு பண்றது."

மகள் தலையை ஆட்டிவிட்டு செல்போனுக்குத் திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தில் துளிகூடக் கவலை இல்லை. தன் கருத்துக்குக் கிடைத்த ஒப்புதலாக அதை எடுத்துக்கொண்டு அவர் தகட்டை உருவினார்.

விஷயம் இவ்வளவுதான். மனைவி எம்ப்ராய்டரி வேலை எடுத்துச் செய்பவள். இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை அறை, அதில் ஒரு பெரிய எம்ப்ராய்டரி மெஷின், அவளோடு வேலை செய்ய இரண்டு பெண்கள். அந்த அறைக்கு வீட்டில் பட்டறை என்று பெயர். டிசைனை வீட்டுக் கணினியில் வரைந்து, பென் டிரைவில் போட்டு, பட்டறைக்குக் கொண்டுபோனால் மெஷின் தைத்துத் தள்ளும். இப்போது பக்கத்து ஆஸ்பத்திரியின் நர்சுகளுக்கு நானூறு பேட்ஜ். அலகில் விளக்கைக் கவ்விய பறவை, ஒன்பது நிறம். தையல் தையலாக இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டெலிவரி. தவறினால் ஆஸ்பத்திரி ஏதாவது பெரிய கம்பெனியிடம் போய்விடும். வருடம் முழுக்க வரும் சீருடை வேலையும் கூடவே போகும். அப்புறம் அந்த இரண்டு பெண்களையும் வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான்.

இந்த நிலைமையில்தான், பத்து நாளைக்கு முன் சாப்பிடும்போது மனைவி வாய் தவறிவிட்டாள்.

"அந்தக் கம்ப்யூட்டர் இப்பல்லாம் கொஞ்சம் மெதுவா இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் அவள் கை வாயைப் பொத்தப் போனது. பலனில்லை. பயிற்சியாளர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். சும்மா கிடந்த சங்கை அவள் அவர் கையிலேயே எடுத்துக் கொடுத்திருந்தாள்.

பன்னிரண்டு வருடப் பழைய மெஷின், பன்னிரண்டு வருடப் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஆட்டுக்குட்டிக்கு இருக்கும் அளவு ஞாபகசக்தி, இது மெதுவாகப் போகாமல் என்ன செய்யும் என்று கேட்டார். ரேம் கூட்டவேண்டும், சிஸ்டத்தைப் புதுசாக மாற்றவேண்டும், இரண்டையும் தானே செய்யப்போவதாக அறிவித்தார். வேறொரு பெண்ணாக இருந்தால் நானூறு பேட்ஜைக் காட்டி அழுதிருப்பாள். இவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எப்ப பண்ணப் போறீங்க?"

"அடுத்த சனிக்கிழமை."

"அதுக்கு முன்னாடி தொடமாட்டீங்களே?"

"எனக்கு வகுப்பு இருக்கு. சனிக்கிழமைதான்."

"சரி" என்று சொல்லி இன்னொரு கரண்டி பரிமாறினாள். மாற்றத்தை இவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்ட ஒருவரை அவர் தன் வகுப்புகளில்கூடப் பார்த்ததில்லை. கண் லேசாகக் கலங்கியது.

தகட்டை உருவியதும் முதல் ஏமாற்றம். பன்னிரண்டு வருடத் தூசியைப் பற்றி மகளுக்குச் சொல்ல ஒரு சிறு உரை தயாரித்து வைத்திருந்தார். உள்ளே தூசியே இல்லை. வெளியிலும், மகள் பள்ளிக்கூட நாளில் ஒட்டிய கரடி ஸ்டிக்கரைக் காணோம். யாரோ பெட்டியை நன்றாகத் துடைத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்து, உரையை ரத்து செய்தார்.

புது ரேமை, வாசலில் கண்ணாடிக் கதவும் உள்ளே ஏசியும் உள்ள பெரிய கடையில் வாங்கியிருந்தார். தெருமுனையிலேயே ஒரு ரிப்பேர் கடை உண்டு. ஆனால் அந்தக் கடைக்காரருக்கு எந்தக் கணினி வந்தாலும் ஒரே வைத்தியம்தான். ரேமைப் பிடுங்கி, பள்ளிப்பிள்ளைகள் பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் பல்வரிசையைத் தேய்த்து, திரும்பச் செருகுவார். பயிற்சியாளர் அவருக்கு 'ரப்பர்காரர்' என்று பெயர் வைத்திருந்தார். விஞ்ஞானம் வளர்ந்த காலத்தில் ரப்பர் வைத்துப் பிழைக்கும் ஆள் என்று வகுப்பில்கூட உதாரணம் காட்டியிருக்கிறார்.

பெரிய கடை ரேம் உட்கார மறுத்தது. அதன் நடுவில் இருந்த வெட்டும், பெட்டிக்குள் இருந்த மேடும் வேறு வேறு இடத்தில் இருந்தன. நேற்று வந்த ரேம், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய பள்ளம். எந்தத் தடையும் மனத்தடைதான் என்று நம்புகிறவர் ஆதலால் கட்டைவிரலால் அழுத்தினார். 'டக்' என்றது. ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் கொக்கி மகளின் காலடியில் போய் விழுந்தது.

"இது ஸ்பேரா அப்பா?" என்று கேட்டு எடுத்துக் கொடுத்தாள்.

வேறு வழியில்லாமல் ரப்பர்காரர் கடைக்குப் போனார். பழைய வகை ரேம் ஒன்று வேண்டும் என்றார்.

"எந்தப் பொட்டிக்கு சார்?"

"என்ன கேள்வி தம்பி இது? எங்க வீட்டுல எத்தனை பொட்டி இருக்கு? ஒண்ணுதான்."

ரப்பர்காரர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். "ஆமா சார், ஒண்ணுதான்" என்று சொல்லி, மேஜை டிராயரிலிருந்து ஒரு ரேமை எடுத்துக் கொடுத்தார். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்ததுபோல் இருந்தது.

இந்த ரேம் சரியாக உட்கார்ந்தது. கணினியை ஆன் செய்தால் திரை கறுப்பு. மூன்று முறை 'பீப்' என்றது. கழற்றி மாட்டினார். மறுபடி மூன்று 'பீப்'. பள்ளம் மாற்றி மாட்டினார். இப்போது நிறுத்தாமல் 'பீப்' என்றது. ரப்பர்காரரைக் கூப்பிடட்டுமா என்று மகள் கேட்டாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

மகள் குளிக்கப் போன பிறகு, அவள் மேஜை டிராயரைத் திறந்து, ஒரு ரப்பரை எடுத்து, சமையலறை மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தேய்த்தார். செருகினார். திரை வந்தது. ரப்பரை எடுத்த இடத்திலேயே, எடுத்த கோணத்திலேயே வைத்தார். 'அழுத்தத்தைச் சீராகப் பகிர்ந்தேன்' என்று மகளிடம் பின்னால் விளக்கினார்.

மத்தியானத்துக்கு மேல் ஆப்பரேட்டிங் சிஸ்டம். 'இதற்குச் சிறிது நேரம் ஆகலாம்' என்று திரை சொன்னது. அந்தச் சிறிது நேரத்தில் அவர் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, முகம் கழுவிவிட்டு வந்தார். நாற்பத்தொரு சதவீதம் ஆகியிருந்தது. சாயங்காலம் ஒருவழியாக முடிந்து, திரையில் நீலமாக ஒரு ஏரி வந்து நின்றது. பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டிருந்த பெட்டி, இப்போது ஒன்றரை நிமிடத்தில் விழித்தது. பட்டறையிலிருந்து வந்த மனைவியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டினார்.

அவள் துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தாள்.

"ஏரி நல்லா இருக்கு" என்றாள்.

ஒரே ஒரு குறை. டிஸ்க் நிரம்பிவிட்டதாகச் சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. எதையெல்லாம் நீக்கலாம் என்று கணினியே பட்டியல் கொடுத்தது. அதில் மிகப் பெரியது 'முந்தைய பதிப்பின் கோப்புகள்'. பழைய மூட்டையை முதுகில் சுமப்பவன் மலை ஏறமுடியாது என்பது அவருடைய வகுப்பின் மூன்றாவது பாடம். நீக்கினார். சிவப்புக் கோடு பச்சையானது. நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், மனைவி பட்டறைக்குக் கிளம்பிப் போன பிறகு, அவளுடைய டிசைன் மென்பொருளைத் திறந்து பார்க்கலாம் என்று தோன்றியது. இரண்டு முறை தட்டினார். 'இந்தப் பதிப்பில் இது இயங்காது' என்று ஒரு கட்டம் வந்தது. சரி என்ற பொத்தான் மட்டும்தான் இருந்தது. சரியில்லை என்று சொல்ல வழி வைக்கவில்லை.

ஏழு விதமாகத் திறந்து பார்த்தார். எட்டாவதாக, இணையத்தில் ஒருவன் வீடியோ போட்டு, இன்ன டிரைவரை இறக்கினால் எந்தப் பழைய மென்பொருளும் ஓடும் என்று சத்தியம் செய்திருந்தான். இறக்கினார். கணினி ஒருமுறை அணைந்து வந்தது. ஏரி தலைகீழாக இருந்தது. ஐகான்கள் தலைகீழாக இருந்தன. மவுஸை மேலே தள்ளினால் அம்பு கீழே போனது.

ஒரு மணி நேரம் கழுத்தை முறுக்கிக்கொண்டு போராடினார். மகள் வந்து பார்த்தாள். மானிட்டரைத் தூக்கித் தலைகீழாக, சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். ஏரி நேரானது. இவ்வளவு படித்த பெண்ணுக்கு அடிப்படையிலிருந்து சரிசெய்யும் பொறுமை இல்லையே என்று வருந்தினார். ஆனால் மானிட்டரைத் திருப்பி வைக்கவில்லை.

கடைசியில், பழைய பதிப்புக்கே திரும்பிப் போய்விடலாம், கௌரவம் பார்க்கவேண்டாம் என்று முடிவெடுத்தார். அதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது. அதில், முந்தைய பதிப்பின் கோப்புகள் அகற்றப்பட்டுவிட்டதால் திரும்பிச் செல்ல இயலாது என்று எழுதியிருந்தது. அகற்றியது யார் என்று எழுதவில்லை. அந்த அளவுக்கு அதற்கு நாகரிகம் இருந்தது.

பட்டறைக்குப் போன் செய்தார். மனைவியின் குரலுக்குப் பின்னால் தடதடவென்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சத்தம் அது?"

"மெஷின்தாங்க. ஓட்டாம போட்டுவெச்சா இறுகிடும்ல."

"என்ன டிசைன் ஓடுது?"

"ஏதோ ஒண்ணு. அங்க எவ்வளவு முடிஞ்சுது?"

"தொண்ணூறு சதவீதம்" என்றார்.

"அவசரமே இல்ல. நிதானமா பண்ணுங்க."

போனை வைத்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டில்மேல் ஈரத் துண்டு கிடந்ததற்கு மூன்று நாள் பேசியவள் இவள். டெலிவரிக்கு இரண்டு நாள் இருக்க, டிசைன் கையில் இல்லாமல், வெறும் மெஷினை எண்ணெய் காயாமல் இருக்க ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த இரண்டு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார்கள். தன்மேல் வைத்த நம்பிக்கையில். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, அவள் தன்னை நம்பாமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார்.

திங்கட்கிழமை வகுப்புக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். அன்றைய தலைப்பு 'பழையதை விடு'.

பரணில் ஏறி, இரண்டாவது மிக்ஸிக்கும் இரண்டாவது இஸ்திரிப் பெட்டிக்கும் இடையில் தேடி, பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் சிடியைக் கண்டுபிடித்தார். மனைவி அதிலும் இரண்டு வைத்திருந்தாள். முதலாவது கீறல் விழுந்து ஓடவில்லை. இரண்டாவது ஓடியது. இதைப் பற்றி அவர் எந்தக் கருத்தும் கொள்ளவில்லை. நேரமில்லை.

எந்த இடத்தில் பதியவேண்டும் என்று கேட்டது. இருந்தது ஒரே இடம். 'இதிலுள்ள அனைத்தும் அழியும், தொடரவா' என்று கேட்டது. அனைத்தும் என்றால் அந்த ஏரிதானே, தொலையட்டும் என்று நினைத்து என்டரை அழுத்தினார்.

முக்கால் மணி நேரத்தில் பழைய திரை, பழைய நீலப் பட்டை, பழைய வரவேற்பு ஒலி. திரை நேராக இருந்தது. மானிட்டர்தான் தலைகீழாக இருந்தது. அதையும் திருப்பி வைத்தார். எல்லாம் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மென்பொருள் இல்லை. டிசைன்கள் இல்லை. பறவை இல்லை.

கணினி இப்போது மிக மிக வேகமாக இருந்தது. செய்வதற்கு அதனிடம் வேலை எதுவும் இல்லை.

மகள் கல்லூரியிலிருந்து வந்து, வெறுமையாக இருந்த திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து இரண்டு எடுத்துக்கொண்டு, ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

"அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். நாளைக்கு."

சாயங்காலம் மனைவி வந்ததும் "முடிஞ்சுதாங்க?" என்று கேட்டாள். "முடிஞ்சுது" என்றார். அந்த மூன்று நாளில் அவர் சொன்ன முழு உண்மை அதுதான். அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நாளைக்கு வரும்போது மூட்டை கட்டக் கொஞ்சம் கயிறு வாங்கி வரச் சொன்னாள். கயிறு எதற்கு, கட்ட என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. இரவு முழுக்கக் கயிற்றையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ரப்பர்காரர் ஷட்டரைத் தூக்கியபோது, பயிற்சியாளர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கயிற்றுச் சுருள். ரப்பர்காரர் அதைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்.

"உள்ள வாங்க சார். என்ன காலங்காத்தால?"

வழியெல்லாம் அவர் ஒரு திட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதே மாதிரி பழைய பெட்டி ஒன்றை, பழைய சிஸ்டத்தோடு வாங்கவேண்டும். அழிந்துபோன டிஸ்கை ரப்பர்காரரிடம் கொடுத்து, காலில் விழுந்தாவது, அந்தப் பறவையை மட்டும் மீட்டு அதில் போடவேண்டும். மத்தியானத்துக்குள் மனைவி கையில் பென் டிரைவைக் கொடுத்துவிட்டால் நானூறில் ஒரு ஐம்பதாவது தேறும். மிச்சத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தானே போய், தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிடலாம். எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடுவது என்றுதான் வந்தார்.

கடைக்குள் ஒரு நீள மேஜை. அதன்மேல் வயிறு திறந்து கிடந்த நாலைந்து பெட்டிகள். ஆணியில் நூல் கட்டித் தொங்கிய ஒரு ரப்பர். அதைப் பார்த்ததும், உடைத்துச் சொல்ல வந்த வாய் வேறு எதையோ சொல்ல ஆரம்பித்தது.

"எங்க வீட்டுப் பொட்டி இருக்கில்ல தம்பி, அதே மாடல். பழசுதான் வேணும். பழைய சிஸ்டத்தோடயே. கிடைக்குமா?"

"அதுக்கு என்ன ஆச்சு சார்?"

"அது பிரமாதமா ஓடுது. அதுக்கு ஒண்ணுமில்ல." கயிற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். குரல் தானாகவே தாழ்ந்தது. "சும்மா... ஒண்ணு ஸ்பேரா இருக்கட்டும்னு."

ரப்பர்காரர் ஸ்டூலை இழுத்து அவர் பக்கமாகப் போட்டு, உட்காரச் சொன்னார்.

"கடைசியா இருந்த ஒண்ண, போன வாரம் உங்க வீட்டு அக்கா இதே வார்த்தையைச் சொல்லித்தான், உங்க பொட்டில இருந்ததையெல்லாம் அதுல நகல் போட்டு வாங்கிட்டுப் போனாங்க சார். நல்ல பொட்டிய நான்தான் பட்டறையில கொண்டுபோய் வெச்சுட்டு வந்தேன். நீங்க மூணு நாளா கழட்டிட்டிருக்கறது ஸ்பேரு."